‘மிகச் சரி’ என்று மட்டும் சொல்லத் தெரிந்த பெட்டி

புதிதாக ஆசிரியர் வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டவர்கள் தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். வகுப்பறையில் தொழில்நுட்பம். பேரன் போனைக் கையில் கொடுத்தால் எந்தப் பக்கம் தடவ வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிற ஆள் நான். நேரில் பேசினால் உளறிவிடுவேன், எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன்.

போன மாதம் உங்களில் ஒருவருடைய வகுப்பில், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். சுவரில் பெரிய திரை. திரையில் ஒரு கேள்வி. ஒரு பெண்குழந்தை போய் ஒரு விடையைத் தொட்டாள். தப்பான விடை. ஆனாலும் திரையில் பூவாகக் கொட்டியது. ‘அருமை! இன்னொரு முறை முயன்று பார்!’ என்று எழுத்து வந்தது. குழந்தைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பாடம் நடத்திய தங்கை என்னைத் திரும்பிப் பார்த்து, “எப்படி சார்?” என்று கேட்டாள். “நல்லாருக்குதும்மா” என்றேன். ஆனால் என் மனசு அப்போது அந்த வகுப்பிலேயே இல்லை. வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் பள்ளியில், அலமாரிக்கு மேல் வைத்திருந்த ஒரு ரேடியோவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது.

அந்த ரேடியோவைப் பற்றியும், அதனோடு மட்டும் பேசிய ஒரு பிள்ளையைப் பற்றியும்தான் எழுதப்போகிறேன். அந்தப் பிள்ளை பள்ளியில் இருப்பாளா, மலையிறங்கித் தமிழ்நாட்டுப் பக்கம் கம்பம் ஊரில் அத்தை வீட்டுக் கைக்குழந்தையைப் பார்க்கப் போய்விடுவாளா என்பது ஒரு காலைப்பொழுதில் எங்கள் முன்னால் வந்து நின்றது. அன்று நான் செய்தது சரியா என்று கேட்காதீர்கள். எனக்கு இன்றைக்கும் தெளிவில்லை.

எழுபதுகளின் நடுவில் அந்தப் பள்ளிக்குப் போனேன். எனக்குச் சொந்த ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே. கடலைக்காயும் பருத்தியும் போடுகிற கறுப்பு மண். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அதனாலேயே, வேலை உத்தரவு கைக்கு வந்தபோது, நான் போய் நின்றால் உலகமே எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிடும் என்று ஒரு நினைப்பு.

போய் வாயைத் திறந்த அன்றே அந்த நினைப்பு கொஞ்சம் ஆட்டம் கண்டது. அந்த எஸ்டேட்டில் எல்லோருக்கும் திருநெல்வேலி, மதுரைப் பக்கத்துப் பூர்வீகம். “ஏனுங்க, புஸ்தகத்தை எடுங்க” என்று நான் மூன்றாம் வகுப்பைப் பார்த்துச் சொன்னதும் ஒரு கூட்டச் சிரிப்பு. “சார் நம்மளப் போய் வாங்க போங்கங்காரு!” மறுநாள் ஒரு தாய் வழியில் என்னை மறித்து, “சார், எம் புள்ள வீட்டுல வந்து என்னையே ‘ஏனுங்க’ங்குது. சோறு போடுங்க, குழம்பு ஊத்துங்கங்குது. மாப்பிள வீட்டுக்காரன் மாதிரி இருக்கு” என்றாள். திட்டினாளா, சந்தோஷப்பட்டாளா என்று எனக்குப் புரியவில்லை.

பள்ளி என்றால் ஒரே கூடம். நான்கு வகுப்பும் அதற்குள்ளேதான். தடுப்புச் சுவர் கிடையாது. ஒரு மூலையில் நான்காம் வகுப்பு வாய்ப்பாடு சொன்னால் இன்னொரு மூலையில் ஒன்றாம் வகுப்பும் சேர்ந்துகொள்ளும். தலைமையாசிரியர் கோட்டயம் பக்கத்து மலையாளி. பிள்ளைகளுக்கு அவர் ‘பெரிய சார்’. பல வருஷம் எஸ்டேட்டில் கிடந்ததால் தமிழ் பேசுவார். பாதியில் மலையாளம் வந்து ஏறிக்கொள்ளும். எஸ்டேட் நிர்வாகம் பள்ளிக்கு ஒரு பேட்டரி ரேடியோவைக் கொடுத்தபோது அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: “எடோ ஸாரே, இதுக்குச் சம்பளம் வேண்டா, லீவு வேண்டா, கல்யாணத்துக்குப் போகணும்னு கேக்காது. நம்ம ரெண்டு பேரும் பெட்டி கட்டிக்கிட வேண்டியதுதான்.”

சொன்னாரே ஒழிய, சில்வர் ஓக் மரத்தில் ஏரியல் கம்பி கட்ட ஏணியைப் பிடித்துக்கொண்டவரும் அவர்தான்.

அந்த மலை மடிப்பில் எங்களுக்குத் தெளிவாகக் கிடைத்தது மலைக்கு அந்தப்புறத்துத் தமிழ் நிலையம். அதில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஒரு நிகழ்ச்சி வரும். மூடுபனி இறங்காத நாளாக இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி கேட்கும். பாடம் நடத்துகிறவள் ஒரு பெண். எங்கள் பிள்ளைகள் அவளுக்கு ரேடியோ அக்கா என்று பேர் வைத்தார்கள். அவள் ஒரு கேள்வி கேட்பாள். “சொல்லுங்கள் பார்ப்போம்” என்பாள். பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள். எங்கெங்கோ இருக்கிற பள்ளிப் பிள்ளைகள் பதில் சொல்வதற்கான இடைவெளி அது. பிறகு, “மிகச் சரி!” என்பாள். அந்த ‘மிகச் சரி’யில் ஒரு குழைவு இருக்கும். அதற்குப் பிறகுதான் உண்மையான விடையைச் சொல்வாள்.

கோளாறு எங்கே என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். எங்களுக்குப் புரிய ஒரு பாடம் தேவைப்பட்டது.

“நம் மாநிலத்தின் தலைநகரம் எது?” என்று கேட்டாள் ரேடியோ அக்கா. எங்கள் பிள்ளைகள் கூரை அதிரக் கத்தினார்கள்: “திருவனந்தபுரம்!”

“மிகச் சரி! சென்னை.”

எல்லாப் பிள்ளைகளும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நிகழ்ச்சி அந்தப் பக்கத்துத் தமிழ்நாட்டுப் புத்தகத்துக்கானது, நாம் இருப்பது இந்தப் பக்கத்துக் கேரளத்தில் என்று விளக்க ஆரம்பித்தேன். விளக்க விளக்க எனக்கே குழம்பியது. அந்த மாநிலம் எது, இந்த மாநிலம் எது, நமக்கு ஊர் எது, பூர்வீகம் எது என்று பிள்ளைகள் கேட்ட கேள்விக்கெல்லாம் நான் கையை மலைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் காட்டிக்கொண்டிருந்தேன். “ஸாரே, கையெ கீழெ போடு. டிராபிக் போலீஸு மாதிரி இருக்கு” என்றார் பெரிய சார்.

இப்போது லூர்துமேரிக்கு வருகிறேன்.

மூன்றாம் வகுப்பில் இரண்டாவது வருஷமாக உட்கார்ந்திருந்தவள். பள்ளிக்கு ஒழுங்காக வருவாள். சொன்னதை எழுதுவாள். ஆனால் வாய் திறந்து ஒரு சொல் பேசியதில்லை. ஆஜர் சொல்லக்கூட மாட்டாள். பக்கத்துப் பிள்ளைதான் “வந்திருக்கா சார்” என்று சொல்லும். “வீட்டுல ஆட்டுக்குட்டிகிட்ட பேசுவா சார், மனுசங்ககிட்ட பேச மாட்டா” என்றார்கள். நான் கெஞ்சிப் பார்த்தேன், மிட்டாய் கொடுத்துப் பார்த்தேன், கண்டுகொள்ளாமல் விட்டுப் பார்த்தேன். எதற்கும் அசையவில்லை.

ஒரு நாள் ரேடியோ அக்கா, “ஒரு வருடத்துக்கு எத்தனை மாதங்கள்? சொல்லுங்கள் பார்ப்போம்” என்றாள். பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே, எனக்கு மிகப் பக்கத்தில், நான் கேட்டேயிராத ஒரு குரல். சன்னமாக, தெளிவாக.

“ஏழு.”

“மிகச் சரி!” என்றது ரேடியோ.

லூர்துமேரி சிரித்தாள். ரேடியோ அடுத்து ‘பன்னிரண்டு’ என்று சொன்னது அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. அவளுக்கு வேண்டியது முதலிலேயே கிடைத்துவிட்டது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சந்தோஷத்தில் என்ன செய்தேன் தெரியுமா? குனிந்து, “ஏழு இல்லே கண்ணு, பன்னண்டு” என்றேன். ஒரு ஆசிரியர் வேறென்ன செய்வார்? அவள் முகம் அப்படியே மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு வந்த பல நிகழ்ச்சிகளில் ரேடியோவுக்கும் பதில் சொல்லவில்லை. நான் பக்கத்தில் நிற்பதை விட்டு, கூடத்தின் மறுகோடிக்குப் போய் நிற்க ஆரம்பித்த பிறகுதான் அவள் உதடு மறுபடி அசைந்தது. காக்கைக்கு எத்தனை கால் என்றால் மூன்று என்பாள். மிகச் சரி. சூரியன் உதிப்பது எந்தத் திசை என்றால் மேற்கு என்பாள். மிகச் சரி. நாளுக்கு நாள் குரல் பெரிதாகிக்கொண்டு வந்தது. எல்லாம் தப்பு. எல்லாம் மிகச் சரி.

இதை விடுவதா, தடுப்பதா?

இங்கே என் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் படிக்கும்போது சிலேட்டில் எழுதியதைச் சரி, தப்பு என்று பார்த்துச் சொல்ல எங்கள் வீட்டில் ஆளில்லை. அப்பாவிடம்தான் கொண்டுபோய்க் காட்டுவேன். அவர் கையில் வாங்கி, தள்ளிப் பிடித்துப் பார்த்து, “நல்லாருக்குது சாமி” என்பார். தலைகீழாகக் காட்டினாலும் அதையேதான் சொல்வார். மறுநாள் வாத்தியார் அதே சிலேட்டைப் பார்த்துவிட்டுக் காதைத் திருகுவார். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்று எனக்குப் புரிந்தபோது கோபம் வந்தது. ஆனால் அந்த ‘நல்லாருக்குது’ மட்டும் இல்லையென்றால், காதுத் திருகலுக்குப் பயந்து நான் என்றைக்கோ பருத்திக் காட்டுக்குப் போயிருப்பேன். அப்படியானால் அப்பா சொன்னது பொய்யா, இல்லையா? லூர்துமேரி ரேடியோவிடம் சிரித்தபோதெல்லாம் எனக்கு அப்பாவின் ஞாபகமும் வந்தது, வாத்தியாரின் ஞாபகமும் வந்தது. எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் கூடத்தின் மறுகோடியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் அவளுடைய அம்மா பாக்கியம் வந்தாள். கொழுந்துக் கூடையை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு, படியேறாமல் நின்றாள்.

“சார், எம் மக பெட்டிகிட்ட பேசுதாளாமே, நெசந்தானா?”

“நெசந்தானுங்க.”

“என்னத்த பேசுதா?”

எல்லாம் தப்பு என்பதை மட்டும் விழுங்கிவிட்டு, “கேள்விக்குப் பதில் சொல்றாளுங்க” என்றேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “கம்பத்துல இவ அத்தைக்காரி இருக்கா. அவ மருமக பெத்திருக்கா. கைப்பிள்ளையப் பாக்க இவள அனுப்புன்னு கேக்குதா. கிறிஸ்மஸுக்கு வரும்போதே கூட்டிட்டுப் போயிருவாளாம். இவுக அப்பாவும் யோசிச்சுக்கிட்டே இருக்காக. பேச்சே வராத புள்ள பள்ளிக்கூடத்துல உக்காந்து என்ன செய்யப் போறாங்காக.”

“நீங்க என்னுங்க சொல்றீங்க?”

“நான் என்னத்தச் சொல்ல. நானும் சின்னதுல இந்த மாதிரி ஒரு வீட்டுல புள்ளையப் பாக்கப் போனவதான் சார். எத்தனையோ வருசம் இருந்தேன். ஒரு நாளு என் பேரச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்ல. ஏ புள்ள, ஏ புள்ளதான்.” கூடையைத் தூக்கித் தலைக்கயிற்றை மாட்டிக்கொண்டாள். “பேசுவான்னு தெரிஞ்சா பள்ளிக்கூடத்துலயே விட்டுருவாகளோ என்னமோ.”

எனக்கு அது போதுமாக இருந்தது. “அவங்கள ஒரு நாள் இங்கெ வரச் சொல்லுங்க. மக பேசறத அவங்களே காதால கேக்கட்டும்” என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் பேசுவது ரேடியோவிடம் மட்டும்தான். சொல்வதெல்லாம் தப்பு. முன்கூட்டிச் சொல்லிக் கொடுத்து நிறுத்தலாம் என்றால், ரேடியோ அக்கா எதைக் கேட்பாள் என்று யாருக்குத் தெரியும்? பெரிய சாரிடம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். “அச்சன் வந்து இருக்கும்போ, காக்கைக்கு மூணு கால்னு மோள் சொல்லும். பெட்டி சரின்னு சொல்லும். நீ என்ன சொல்லும்?”

“தெரியலீங்க சார்.”

“எனக்கும் தெரியலெ. மூடுபனி வராம இருக்க நீயும் பிரார்த்திச்சோ, நானும் பிரார்த்திக்கறேன்.”

லூர்துமேரியின் அப்பா சவரிமுத்து வந்த அன்று மூடுபனி இறங்கியிருந்தது.

அவர் ஃபாக்டரியில் கொழுந்து வாடப்போடும் மாடியில் ராத்திரி ஷிப்ட். வேலை முடிந்து தூங்காமல் நேராக வந்திருந்தார். சட்டையில் வாடிய இலையின் மணம். பிள்ளைகளின் குட்டி பெஞ்சில் முழங்காலை நெஞ்சுவரைக்கும் மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். லூர்துமேரி அப்பாவைப் பார்த்தாள், ரேடியோவைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். ரேடியோ இரைந்து இரைந்து வந்தது. அன்றைக்கென்று பாடம் ஆறுகளைப் பற்றி. பாதிச் சொற்கள் பனிக்குள் போயின. முதல் கேள்விக்கு அவள் வாய் திறக்கவில்லை. இரண்டாவதுக்கும் இல்லை. சவரிமுத்துவின் கண் செருகிக்கொண்டு வந்தது.

அடுத்து வந்த கேள்வி மட்டும் எப்படியோ தெளிவாக விழுந்தது.

“குழந்தைகளே, உங்கள் ஊர் வழியாக ஓடும் ஆறு எங்கே போய்ச் சேருகிறது? சொல்லுங்கள் பார்ப்போம்.”

ஒரு விநாடி கூடம் யோசித்தது. அதற்குள் அந்தக் குரல்.

“கம்பத்துக்கு.”

சவரிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் ‘மிகச் சரி’க்குக் காத்திருந்தேன். அவளும் காத்திருந்தாள். ரேடியோவிலிருந்து கொர்ர் என்ற சத்தம் மட்டும் வந்தது. அலமாரிக்குப் போய்த் திருகிப் பார்த்தேன். கொர்ர். ரேடியோ அக்காவைப் பனி விழுங்கிவிட்டது.

“தப்பு சார்!” என்று முன்பெஞ்சிலிருந்து ஒரு குரல். “அரபிக்கடல் சார்! புஸ்தகத்துல போட்டுருக்கு சார்!” எல்லோரும் சிரித்தார்கள். பெரிய சார் நான்காம் வகுப்பு மூலையிலிருந்து, “அரபிக்கடல்னு சொல்லிக் கொடு ஸாரே” என்றார். பாடம் தப்பிப் போகக் கூடாது அவருக்கு.

லூர்துமேரி இன்னும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில் உங்களை நிறுத்தத்தான் இவ்வளவும் எழுதினேன். சரி என்று சொன்னால் புத்தகத்துக்கு எதிராகச் சொல்கிறேன், கூடம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறது. தப்பு என்று சொன்னால் அந்த வாய் மூடிக்கொள்ளும், அதோடு அவள் கம்பத்துக்குப் போய்விடுவாள். இரண்டுக்கும் நடுவில் இன்னொரு சிக்கல். அவள் சொன்னது தப்புத்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. என்னத்தையோ கேள்விப்பட்டிருந்த ஞாபகம். வாய்க்கு வந்ததைக் கேட்டேன். யோசித்துக் கேட்டதல்ல.

“ஏங் கண்ணு? எப்படிச் சொல்றே?”

அவள் திரும்பினாள். ரேடியோ ஒரு நாளும் அவளிடம் கேட்காத கேள்வி அது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. அப்போது தெரிந்ததெல்லாம் அவள் உதடு அசைந்தது ஒன்றுதான்.

“அப்பாதான் சொன்னாக,” என்றாள். “தேக்கடியில அணை கட்டி ஆத்த நிப்பாட்டியிருக்காகளாம். அங்கன மலையத் தொளச்சு கம்பத்துக்குக் கொண்டு போறாக. அத்தை வீட்டு வயலு அந்தத் தண்ணியிலதான் வெளையுது. நம்மூருக்கு மிச்சந்தான் வருது. மழைக்கு மட்டுந்தான் நெறைய வரும்.” கொஞ்சம் நிறுத்தினாள். “கம்பத்துக்குப் போன தண்ணி திரும்பி வராதாம்.”

பெரிய சார் சாக்கட்டியை மேசையில் வைத்தார். நான் சவரிமுத்துவைப் பார்த்தேன். அவருக்குத் தூக்கம் போயே போய்விட்டது.

“நாந்தான் சார் சொன்னேன்,” என்றார். “கம்பம் எங்க இருக்கு, என்ன இருக்குன்னு இவ அம்மாகிட்டச் சொல்லிக்கிட்டிருந்தேன். இவ படுத்துக் கெடந்தா. தூங்கிட்டான்னு நெனச்சேன்.” அவர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. “இத்தன பேச்சுப் பேசுதாளே சார்! நான் எதுக்கு இம்புட்டு நாளு யோசிச்சேன்? வாய் வராத புள்ள, போற வீட்டுல பசிக்குதுன்னு கூடக் கேக்க மாட்டாளேன்னுதான் யோசிச்சேன். இனி என்ன? எங்க விட்டாலும் பொழச்சுக்கிடுவா. கம்பத்துக்கே அனுப்பிரலாம்.”

நானே கூப்பிட்டு, நானே உட்கார வைத்து, அவளை அனுப்புவதற்கு நானே வழி செய்து கொடுத்திருக்கிறேன். வாயைத் திறந்தேன்.

அதற்குள் பனி விலகியிருக்க வேண்டும். அலமாரி மேலிருந்து ரேடியோ அக்கா திடீரென்று தெளிவாகப் பேசினாள். எந்தக் கேள்விக்கோ, எந்தப் பிள்ளைகளுக்கோ.

“மிகச் சரி! மிகச் சரி, குழந்தைகளே!”

கூடம் வெடித்துச் சிரித்தது. சவரிமுத்துவும் சிரித்துவிட்டார். பெரிய சாரும் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்காதது நானும் லூர்துமேரியும்தான். அவள் எழுந்து நின்றாள். அவள் சொன்ன அத்தனை தப்புக்கும் ‘மிகச் சரி’ என்ற அந்தப் பெட்டியை நேராகப் பார்த்தாள்.

“தப்பு,” என்றாள்.

சத்தமாகத்தான் சொன்னாள். சிரிப்பு நின்றது. பெட்டி அடுத்த கேள்விக்குப் போய்விட்டது. சவரிமுத்து எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டார். என் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டார்.

“ரேடியோவச் சொல்லுதாளா சார், என்னையச் சொல்லுதாளா?”

“தெரியலீங்க,” என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. “அவளையே கேளுங்க.”

அவர் கேட்கவில்லை. அலமாரிப் பக்கம் போய்ப் பெட்டியை மேலும் கீழுமாகப் பார்த்தார். “இது எல்லாத்துக்கும் சரின்னுதான் சொல்லுமா?”

“ஆமாங்க. அது அப்படித்தானுங்க.”

“அப்ப இதுகிட்ட எதையும் கேக்கப்படாது சார்,” என்று சொல்லிவிட்டு, மகள் தலையில் ஒரு தட்டுத் தட்டி, தூங்கப் போய்விட்டார்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்குப் போன நான் அங்கே ஒரு வேலையும் செய்யவில்லை. பருத்திக் காட்டில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். நான் அன்றைக்கே ‘தப்பு’ என்று சொல்லி அவள் வாயை மூட வைத்திருந்தால், பேச்சு வராத பிள்ளை என்று அவர் இன்னும் கொஞ்ச காலம் அனுப்பாமல் இருந்திருப்பாரோ? அப்படியானால் நான் கேட்டதுதான் கெடுத்ததா? அப்பாவிடம் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நீ பண்ணுனது நல்லாத்தான் இருக்குது சாமி” என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

பள்ளி திறந்த அன்று மூன்றாம் வகுப்புப் பக்கம் பார்க்கப் பயந்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் சிலேட்டை எல்லாம் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆஜர் எடுக்கும்போது லூர்துமேரி என்று கூப்பிட்டுவிட்டு, பக்கத்துப் பிள்ளை என்ன சொல்லப்போகிறதோ என்று நிமிர்ந்தேன்.

“வந்திருக்கேன் சார்.”

தலையில் புது ரிப்பன். அத்தை கொண்டுவந்ததாம். அத்தை வந்தாள், ரிப்பனைக் கொடுத்தாள், வந்த மாதிரியே போனாள். நடுவில் அந்த எஸ்டேட் லயத்து வரிசை வீட்டுக்குள் என்ன நடந்தது என்று எனக்கு முழுசாகத் தெரியாது. பாக்கியத்தை வழியில் பார்த்தபோது கேட்டேன்.

“அவுக ஒண்ணும் சொல்லல சார். இவதான் சொன்னா.”

“என்னுங்க சொன்னா?”

“அன்னைக்குப் பெட்டிகிட்டச் சொன்னாளாமே, அதேதான். அத்தைகிட்ட ஒரு தடவ, அப்பாகிட்ட ஒரு தடவ. அத எதுக்கு சார் இப்பக் கேட்டுக்கிட்டு,” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அந்த வாரம் மறுபடி ரேடியோ போட்டோம். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. “கடல்நீர் ஏன் உப்பாக இருக்கிறது? சொல்லுங்கள் பார்ப்போம்” என்றாள் ரேடியோ அக்கா. எங்கள் பிள்ளைகள் ஒருத்தரும் கடலைப் பார்த்ததில்லை. கடலில் இருந்து அவர்களுக்கு வந்து சேர்வது சந்தையில் விற்கும் கருவாடு ஒன்றுதான்.

“கருவாடு கெடக்கதுனால,” என்றாள் லூர்துமேரி.

“மிகச் சரி! ஆறுகள் மண்ணில் இருக்கும் உப்பைக் கரைத்துக் கடலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன.”

நான் கூடத்தின் மறுகோடியில் நின்றிருந்தேன். அவள் பெட்டியைப் பார்த்துச் சிரிக்கவில்லை. என்னைத் தேடித் திரும்பினாள்.

“சரியா சார்?”

“எதைக் கேக்கறே கண்ணு? நீ சொன்னதையா, ரேடியோ சொன்னதையா?”

“ரேடியோ சொன்னத.” நெற்றியைச் சுருக்கிக்கொண்டாள். “நம்ம ஆத்துத் தண்ணி உப்புக் கரிக்கலையே சார்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. பயிற்சிப் பள்ளியில் அதைச் சொல்லித்தரவில்லை; சொல்லித்தந்திருந்தால் நான் கேட்கவில்லை. பெரிய சாரைப் பார்த்தேன். அவர் அவசரமாகச் சாக்கட்டியைத் தேட ஆரம்பித்தார். ரேடியோ அடுத்த கேள்விக்குப் போய், யாருக்கோ மிகச் சரி சொல்லிக்கொண்டிருந்தது. லூர்துமேரி விடுவதாக இல்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

நான் நடந்துபோய் ரேடியோவை அணைத்தேன். அவள் பெஞ்சிலேயே ஓர் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன்.

“எனக்குத் தெரியலே கண்ணு,” என்றேன். “நீ சொல்லு, எப்படி இருக்கும்?”